ஓபன் பேஃபிளுக்கு எந்த மிட்ரேஞ்ச்? முதலில் பலகையின் அகலத்தை முடிவு செய்யுங்கள்

கேள்வி இதுதான்: சிங்கப்பூரில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறைக்கு மூன்று வழி ஓபன் பேஃபிள் ஸ்பீக்கர், அதாவது பெட்டி இல்லாமல் திறந்த பலகையில் டிரைவர்களைப் பொருத்திய ஸ்பீக்கர், செய்ய வேண்டும். கீழே பக்கத்துக்கு ஒன்றாக எமினென்ஸ் ஆல்ஃபா 15ஏ என்ற 15 அங்குல வூஃபர் வாங்கியாயிற்று. மேலே 1 அங்குல டோம் ட்வீட்டர். நடுவில் மிட்ரேஞ்சாக (சுருக்கமாக மிட்) 4, 6.5, 8 அங்குலம் மூன்றில் எதைப் போடுவது? ஓபன் பேஃபிள் என்றால் க்யூடிஎஸ் (டிரைவரின் ஒத்ததிர்வு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று காட்டும் எண்) 0.7க்கு மேல் இருக்க வேண்டும் என்கிறார்களே, அது மிட்டுக்கும் பொருந்துமா?

உங்களிடம் இருக்கும் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் நடுவே பொருந்துவது 6.5 அங்குலம். க்யூடிஎஸ் பற்றிய கவலையை வூஃபரோடு விட்டுவிடலாம். ஆனால் எந்த 6.5 அங்குலம் என்பதைக் கடையில் டிரைவரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. முதலில் பலகையின் அகலம், பிறகு கிராஸோவர் அதிர்வெண்கள் (ஒரு டிரைவர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்கள்), கடைசியில்தான் டிரைவர். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பிறகு ஈக்வலைசரில் மல்லுக்கட்டுகிறார்கள்.

பெட்டி இல்லாததால் கோனின் முன்புறத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் ஒரே அளவு ஒலி எதிரெதிர் போலாரிட்டியில் வருகிறது. பின்னால் கிளம்பியது பலகையின் ஓரத்தைச் சுற்றி முன்னால் வந்து சேர எடுக்கும் கூடுதல் தூரம், டிரைவர் நடுவில் இருந்தால், ஏறக்குறைய பலகை அகலத்தில் பாதி. இதைப் பாதை வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர், அதாவது 34900 செ.மீ. அதைப் பாதை வித்தியாசத்தின் ஆறு மடங்கால் வகுத்தால் ஒரு அதிர்வெண் கிடைக்கும். அங்கே முன்னும் பின்னும் சேர்ந்து, பலகையே இல்லாமல் கோனின் ஒரு பக்கம் மட்டும் தருகிற அளவையே தரும். அதற்குக் கீழே போகப்போக இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும், 6 டெசிபல் வீதம் சரியும். பாதை வித்தியாசத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் கிடைப்பது மேடு: அங்கே 6 டெசிபல் கூடும். பாதை வித்தியாசத்தால் அப்படியே வகுத்தால் பள்ளம்: நேர் முன்னே ஒலி விழுந்துவிடும்.

45 செ.மீ. அகலப் பலகைக்குப் பாதை வித்தியாசம் 22.5 செ.மீ. கணக்குப் போட்டால் 258 ஹெர்ட்ஸ், 775 ஹெர்ட்ஸ், 1550 ஹெர்ட்ஸ். மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். மிட்ரேஞ்ச் நன்றாகப் பாட வேண்டிய இடத்தின் நட்டநடுவில் பள்ளம். 22 செ.மீ. பலகைக்கோ 529, 1586, 3173. இங்கே பள்ளம் ட்வீட்டரின் எல்லைக்குள் போய்விட்டது, மேடும் கிராஸோவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இது இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்துப் போடும் எளிய கணக்கு. உண்மையான பலகையில் ஓரங்கள் பல தூரங்களில் இருப்பதால் மேடும் பள்ளமும் சற்று மழுங்கும். டிரைவரைப் பக்கவாட்டில் இரண்டு மூன்று செ.மீ. தள்ளி வைத்தால் இன்னும் மழுங்கும். ஆனால் அவை எந்த இடத்தில் வரும் என்பதை இந்தக் கணக்கு சரியாகவே சொல்லும்.

ஆகவே வூஃபர் கேட்கும் அகலத்தை மிட்டுக்குக் கொடுக்காதீர்கள். 15 அங்குல வூஃபருக்கு எப்படியும் 42 செ.மீ.க்குக் குறையாத பலகை வேண்டும், 45 வையுங்கள். மிட்டும் ட்வீட்டரும் அதற்கு மேலே தனியாக 22 செ.மீ. அகலப் பலகையில் நிற்கட்டும். ஒரே பலகையாக வெட்டினால் பார்க்க ஒழுங்காக இருக்கும், வேலையும் குறைவு. காதுக்குத்தான் நஷ்டம். தனிப் பலகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 15 அங்குலக் கோன் முன்னும் பின்னும் ஆடும்போது அதன் பலகையும் எதிர்த்திசையில் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தில் மிட்டும் சேர்ந்து ஆடினால் குரலில் ஒரு கலங்கல் ஏறும். ஓபன் பேஃபிள் வடிவமைப்பாளர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 2012இல் வெளியிட்ட எல்எக்ஸ்521 வடிவமைப்பில் மேல் பலகையை வூஃபர் கூட்டைத் தொடாமல் ஒரு பாலம் போன்ற தாங்கியின் மேல் நிறுத்தியிருப்பார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். இரண்டு பலகைக்கும் இடையில் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேல் பலகைக்குப் பின்னாலிருந்து தனிக் கால் கொடுத்தால் போதும்.

அகலம் முடிந்தது. இப்போது கிராஸோவர். 15 அங்குல வூஃபரின் கோன் சுமார் 670 ஹெர்ட்ஸிலிருந்து ஒலியைக் கற்றையாகக் குவிக்கத் தொடங்கும், 45 செ.மீ. பலகையின் மேடும் 775இல் நிற்கிறது. இரண்டிலிருந்தும் விலகி இருக்க வூஃபரை 250 ஹெர்ட்ஸில் முடித்துவிடுங்கள். மேல் எல்லையை மிட்டின் விட்டம் தீர்மானிக்கும். கோனின் சுற்றளவு அலைநீளத்தைப்போல் இரண்டு மடங்காகும் இடத்தைத் தாண்டினால் பக்கவாட்டு ஒலி வேகமாகக் குறையும். வழக்கமான கோன் பரப்புகளை வைத்துப் பார்த்தால் 4 அங்குலத்துக்கு அந்த இடம் 2650 ஹெர்ட்ஸ், 6.5 அங்குலத்துக்கு 1700, 8 அங்குலத்துக்கு 1350, 10 அங்குலத்துக்கு 1050. டோம் ட்வீட்டரை 1350இல் வெட்டினால் அது திணறும். அந்த வேலைக்கு ஹார்னோ பெரிய ஏஎம்டியோ (மடிப்புப் படல ட்வீட்டர்) வேண்டும். உங்கள் கையில் டோம் இருப்பதால் 8 அங்குலம் தானாகவே விலகிக்கொள்கிறது. டோமின் எஃப்எஸ் (அதன் இயல்பான ஒத்ததிர்வு அதிர்வெண்) 850 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் 1700 முதல் 1800 வரை 24 டெசிபல் சரிவில் வெட்டலாம். அது 1000க்கு மேல் என்றால் 6.5ஐயும் மறந்துவிட்டு 5 அங்குல மிட் எடுத்து, 300இலும் 2200இலும் வெட்டுங்கள்.

4 அங்குலம் ஏன் வேண்டாம்? பார்க்க அழகாக இருக்கிறது, பரவலும் நன்றாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது தள்ளும் காற்று போதாது. கோன் பரப்பையும் எக்ஸ்மேக்ஸையும் (கோன் ஒரு பக்கம் ஓடக்கூடிய எல்லை) பெருக்கிப் பாருங்கள். 6.5 அங்குலத்துக்கு 136 சதுர செ.மீ., 5 மில்லிமீட்டர் என்றால் 68 கன செ.மீ. 4 அங்குலத்துக்கு 55 சதுர செ.மீ., 3 மில்லிமீட்டர் என்றால் 16.5 கன செ.மீ. வித்தியாசம் 12 டெசிபலுக்கும் மேல். 22 செ.மீ. பலகையில் 250 ஹெர்ட்ஸில், 1 மீட்டர் தூரத்தில், 4 அங்குலம் தன் ஓட்டத்தின் எல்லைவரை ஓடினால் 96 டெசிபல் வரும். நீங்கள் உட்காரும் 2.5 மீட்டரில் அது 88. தவில் அடிக்கு அது பற்றாது. அந்த 96ஐ எட்டுவதற்கே சுமார் 120 வாட் கொடுக்க வேண்டும். அந்தச் சின்ன வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) சூட்டிலேயே சுருண்டுவிடும். 4 அங்குலத்தின் இடம் 500 ஹெர்ட்ஸுக்கு மேலே, நான்கு வழி ஸ்பீக்கரில் மேல் மிட்டாக. லிங்க்விட்ஸும் அதைத்தான் செய்தார்: கீழ் மிட்டுக்கு 8 அங்குலம், மேல் மிட்டுக்கு 4 அங்குலம்.

பாக்ஸ் ஸ்பீக்கர் செய்து பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டைபோல் (இப்படி முன்னும் பின்னும் எதிரெதிராக ஒலிக்கும் ஸ்பீக்கர்) சரிவுப் பகுதியில் ஒரே ஒலி அளவைத் தர, அதிர்வெண் பாதியாகும்போது கோன் எட்டு மடங்கு ஓட வேண்டும். மூடிய பெட்டியில் அது நான்கு மடங்குதான். அதே 6.5 அங்குலம் 200 ஹெர்ட்ஸில் எல்லைவரை ஓடினால் 103 டெசிபல் தரும். 100 ஹெர்ட்ஸில் வெறும் 85. அந்த 85க்கு 20 வாட் போதும். அதற்குமேல் ஒரு வாட் கொடுத்தாலும் கோன் எல்லை தாண்டும். பின்னால் தாங்கிப் பிடிக்கப் பெட்டிக் காற்றும் கிடையாது. மிட்டுக்கு ஹைபாஸ் (கீழ் அதிர்வெண்களைத் தடுக்கும் வடிகட்டி) போடாமல், பலகையே பேஸை வெட்டிவிடும் என்று விடுபவர்கள் கவனிக்க: பலகை வெட்டுவது உங்கள் காதுக்கு வரும் ஒலியை மட்டுமே. கோனின் ஓட்டத்தை அது ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்காது. மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி விழும்போது பாடகர் குரல் நடுங்கினால் காரணம் இதுவே.

இனி அந்த க்யூடிஎஸ் கதை. பெட்டி இல்லாத டிரைவர் தன் எஃப்எஸ்ஸில் எவ்வளவு ஒலிக்கும் என்பதை க்யூடிஎஸ் நேரடியாகச் சொல்லும். 0.7 என்றால் 3 டெசிபல் கீழே, 0.3 என்றால் பத்தரை டெசிபல் கீழே. வூஃபர் தன் எஃப்எஸ் வரை இறங்கி வேலை செய்கிறது என்பதால் அதற்கு இது உயிர்நாடி. ஆல்ஃபா 15ஏயின் க்யூடிஎஸ் 1.26, எஃப்எஸ் 41 ஹெர்ட்ஸ். ஓபன் பேஃபிள்காரர்கள் அதை விரும்புவது அதனால்தான். மிட் தன் எஃப்எஸ்ஸுக்கு வெகு மேலே வேலை செய்கிறது. எஃப்எஸ் 60, க்யூடிஎஸ் 0.4 உள்ள டிரைவர் 250 ஹெர்ட்ஸில் இழப்பது 1 டெசிபல். எஃப்எஸ் 100, க்யூடிஎஸ் 0.3 என்றால்கூட 4 டெசிபல்தான், அதையும் டிஎஸ்பியில் (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவியில்) சரிசெய்துவிடலாம். குறைந்த க்யூடிஎஸ் பெரும்பாலும் வலுவான காந்தத்தின் அடையாளம். வலுவான காந்தம் என்றால் சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டுக்குக் கூடுதல் ஒலி. நமக்கு வேண்டியது அதுவே. எஃப்எஸ் மட்டும் கீழ்க் கிராஸோவரில் பாதிக்குள், அதாவது 125க்குள் இருக்கட்டும்.

சென்சிட்டிவிட்டி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தகவல் தாளில் எழுதியிருக்கும் எண் முடிவில்லாத பலகையில் அளந்தது. உங்கள் பலகையில் அந்த எண் கிடைப்பது மேட்டில் மட்டும். 92 டெசிபல் டிரைவர் 22 செ.மீ. பலகையில் 1586 ஹெர்ட்ஸில் 92 தரும், 529இல் 86, 250இல் 80க்குச் சற்றுக் கீழே. பன்னிரண்டு டெசிபல் காணாமல் போகிறது. அதை ஈடுகட்டிச் சமமாக்கினால் உங்கள் மிட் உண்மையில் ஓர் 80 டெசிபல் டிரைவர். வூஃபர் பக்கமும் நிலைமை இதேதான்: 97 என்று போட்டிருந்தாலும் 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்பச் சமமாக்கினால், தரை தரும் உதவியையும் சேர்த்து, 85க்கு அருகில் வந்து நிற்கும். ஆகவே 92க்குக் குறைந்த மிட்டை எடுக்காதீர்கள். 86 டெசிபல் ஹைஃபை மிட் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இந்தப் பலகையில் அதன் குரல் எழும்பாது.

எண்கள் முடிந்தன. அடுத்து டிரைவரைத் திருப்பிப் பாருங்கள். பாக்ஸுக்குள் போகிற டிரைவரின் முதுகை யாரும் கேட்கப்போவதில்லை. ஓபன் பேஃபிளில் முதுகும் பாடுகிறது. டிரைவரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னாலிருந்து கூட்டின் (கோனைத் தாங்கும் சட்டத்தின்) இடைவெளிகள் வழியாகக் கோன் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் தெரிந்தால் நல்லது. 12 செ.மீ. அகல ஃபெரைட் காந்தம் 13 செ.மீ. கோனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால், 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் பின்பக்க ஒலி முன்பக்கத்தோடு ஒத்துப்போகாது. பக்கவாட்டில் கிடைக்க வேண்டிய அமைதியும் கெட்டுப்போகும். நியோடைமியம் காந்தம் கைக்கடக்கமாக இருக்கும், அதற்கே கூடுதல் விலை கொடுக்கலாம். ஸ்பைடருக்கு (வாய்ஸ் காயிலை நடுவில் பிடித்து நிறுத்தும் நெளிந்த துணி வளையம்) அடியில் காற்றுப் போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். காந்தத்தின் நடுவில் துளை இருந்தால், டிரைவரை 150 ஹெர்ட்ஸில் சற்று ஓட்டி, பின்னால் காது வைத்துக் கேளுங்கள். சிலவற்றில் உஸ்ஸென்று காற்றிரைச்சல் வரும். பெட்டிக்குள் அது அடங்கிவிடும், இங்கே பின்சுவரில் பட்டு உங்களிடமே வரும்.

கோன் எதுவாக இருக்கலாம்? காகிதம். அலுமினியம், மெக்னீசியம் கோன்கள் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கோ கூர்மையாக மணியடிக்கும். 1700இல் வெட்டிவிட்டோமே என்று நினைக்கலாம். மணி 6 கிலோஹெர்ட்ஸில் என்றால், 2 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் மூன்றாம் ஹார்மோனிக் சரியாக அதன்மேல் விழும். கிராஸோவருக்குப் பிறகு கோனிலேயே பிறக்கும் சிதைவை கிராஸோவர் வெட்ட முடியாது. காகிதம் இந்த விஷயத்தில் சாது. விளிம்புக்கு ரப்பரோ பிசின் பூசிய துணியோ இருக்கட்டும். ஃபோம் விளிம்பு வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் அது சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாகும். பழைய டிரைவர் வாங்குவதாக இருந்தால் விளிம்பை விரல் நுனியால் லேசாக அழுத்துங்கள். விரலில் கருப்பு மாவு ஒட்டினால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

பெயர்கள் கேட்பீர்கள். ஹைஃபை வகையில் எஸ்பி அக்கூஸ்டிக்ஸின் சாட்டோரி எம்ஆர்16பி: மிட்டுக்கென்றே செய்த காகிதக் கோன், நியோடைமியம் காந்தம், விரிந்த கூடு. பக்கத்து இந்தோனேசியாவில் தயாராவது. மேடை ஒலிபெருக்கி வகையில் இத்தாலியின் 18 சவுண்ட் 6என்டி430. முதலாவது பலகைக்கு வருவதற்கு முன்பே மெருகேறியிருக்கும். இரண்டாவது கொஞ்சம் முரட்டு ஆள், ஆனால் உரத்துப் பாடும், விளிம்பும் காலத்துக்கும் நிற்கும். டிஎஸ்பி வைத்திருப்பவருக்கு இரண்டாவது, பாஸிவ் கிராஸோவர் (காயில், கபாசிட்டரால் மட்டும் பிரிப்பது) மட்டும் என்பவருக்கு முதலாவது என்பது என் கணிப்பு. விஸர் கோன் (மேல் ஸ்தாயிக்காக நடுவில் ஒட்டிய சிறு கோன்) வைத்த 8 அங்குல ஃபுல்ரேஞ்சை மிட்டாகப் போடச் சொல்பவர்களும் உண்டு. ட்வீட்டர் இருக்கும்போது அந்த விஸரால் ஒரு பயனும் இல்லை.

வாங்கும்போது தகவல் தாளில் அதிர்வெண் வரைபடத்தை 30 டிகிரி, 60 டிகிரி கோடுகளோடு பாருங்கள். நேர்க்கோடு மட்டும் போட்டிருக்கும் தாளை வைத்து ஓபன் பேஃபிளுக்கு முடிவெடுக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். 400 வெள்ளிக்குக் கீழே என்றால் வரியில்லை என்ற காலம் 2023 தொடக்கத்தோடு போயிற்று. காயில், கபாசிட்டர், ரெசிஸ்டர், டெர்மினல் எல்லாம் ஜாலான் புசார் சிம் லிம் டவரில் ஒரே நடையில் முடிந்துவிடும்.

பலகைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட். எம்டிஎஃப்பின் வெட்டு முனை நம் ஊர் ஈரத்தில் ஊதும், திருகும் பிடி விடும். துளையை வெட்டியதும் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: பின்பக்க விளிம்பை 45 டிகிரியில் சீவுவது. சீவாமல் விட்டால் 18 மில்லிமீட்டர் ஆழக் குழாய்க்குள் டிரைவரின் முதுகு அடைபட்டுக் கிடக்கும், கூட்டின் இடைவெளிகள் மரச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். முன்பக்கம் 6 மில்லிமீட்டர் நேர்ச்சுவர் மட்டும் மிஞ்சும்படி ரூட்டரால் சுற்றிலும் சீவுங்கள். திருகு வரும் நான்கு இடங்களில் மட்டும் விரல் அகலத்துக்கு மரத்தை முழுக் கனத்தில் விட்டு, அங்கே டீ நட் (மரத்தில் அடித்து இறக்கும் உலோக மரை) அடித்து மெஷின் ஸ்குரூ போடுங்கள். மர ஸ்குரூ இரண்டு தடவை கழற்றி மாட்டினாலே தளர்ந்துவிடும். நீங்களோ பத்துத் தடவையாவது கழற்றப்போகிறீர்கள். துளை அளவைத் தாளில் படிக்காமல், டிரைவர் கைக்கு வந்தபின் அளந்து வெட்டுங்கள். ரூட்டர் சத்தம் மேலும் கீழும் நாலு வீட்டுக்குக் கேட்கும். வெட்டுவதை சுங்கை காடுட் பக்கம் மரப் பட்டறையில் கொடுத்துவிடுவது அண்டை வீட்டாரோடு உறவு கெடாமல் இருக்க நல்லது.

கிராஸோவரில் வூஃபருக்கும் மிட்டுக்கும் நடுவே டிஎஸ்பி, மிட்டுக்கும் ட்வீட்டருக்கும் நடுவே பாஸிவ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மினிடிஎஸ்பி 2x4 எச்டி என்ற டிஎஸ்பி கருவியின் நான்கு அவுட்புட்டுக்குள் இது அடங்கிவிடும், இரண்டு ஸ்டீரியோ ஆம்ப் போதும். 250 ஹெர்ட்ஸில் பாஸிவ் ஹைபாஸ் போட 8 ஓமுக்கு 80 மைக்ரோஃபாரட் வேண்டும். விலை ஒரு பக்கம் இருக்கட்டும்; எஃப்எஸ்ஸில் டிரைவரின் இம்பீடன்ஸ் எகிறும்போது அந்தக் கபாசிட்டர் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. டிஎஸ்பியில் மிட்டுக்கு 250இல் 12 டெசிபல் ஹைபாஸ் போடுங்கள். பலகையின் 6 டெசிபல் சரிவும் சேர்ந்து 18 ஆகிவிடும்.

529இலிருந்து 1586 வரை ஏறும் அந்த மேட்டை ஈக்வலைசர் இல்லாமலே ஒரு காயிலால் தட்டையாக்கலாம். முதலில் மிட்டின் இம்பீடன்ஸை அடக்க ஒரு ஸோபெல்: வாய்ஸ் காயில் இண்டக்டன்ஸ் 0.5 மில்லிஹென்றி உள்ள டிரைவருக்கு 7.5 ஓம் ரெசிஸ்டரும் 9 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் தொடராக, டிரைவருக்கு இணையாக. அதற்கு முன்னே 1.5 மில்லிஹென்றி காயில். 8 ஓமில் இது 530 ஹெர்ட்ஸில் ஒன்றரை டெசிபலும், 1586இல் ஆறரை டெசிபலும் வெட்டும். வித்தியாசம் 5. பலகை ஏற்றிய 6இல் பெரும்பகுதியை அந்த ஒரு காயில் இறக்கிவிட்டது, லோபாஸின் (மேல் அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டியின்) முதல் படியும் அதுவே. காயிலுக்குப் பிறகு, ஸோபெலுக்கு முன் இணையாகச் சேர்க்க வேண்டிய கபாசிட்டரை 6.8 மைக்ரோஃபாரடில் தொடங்கி, அளந்து பார்த்து மாற்றுங்கள். காயில் காற்றுக் கருவுள்ளதாக, 1 மில்லிமீட்டர் கம்பியாவது இருக்கட்டும்.

அளப்பதற்கு ஆர்இடபிள்யூ மென்பொருளும் யுமிக்-1 மைக்கும் போதும். வீவக வீட்டுக் கூரை 2.6 மீட்டர். மிட்டை ஸ்டூல் போட்டுத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, மைக்கை அதே உயரத்தில் 1 மீட்டர் தள்ளி வைத்தால், தரை, கூரை எதிரொலி வந்து சேர 5 மில்லி விநாடி ஆகும். அதற்குள் வெட்டி எடுத்த வரைபடத்தை 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம்பாதீர்கள். சுவர்கள் 1.5 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். முன்னால் ஒரு தடவை, பலகையை அப்படியே திருப்பிப் பின்னால் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை அளங்கள். முன்னும் பின்னும் 1200 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபலுக்குள் ஒத்துப்போய், பக்கவாட்டு ஒலி முன்பக்கத்தைவிட 15 டெசிபலாவது கீழே இருந்தால் டிரைவரும் சீவிய விளிம்பும் தங்கள் வேலையைச் செய்கின்றன. பக்கவாட்டில் இறங்கவில்லையென்றால் முதலில் பின் விளிம்பைச் சந்தேகியுங்கள், பிறகு காந்தத்தை. கிராஸோவர் புள்ளிகளில் போலாரிட்டி சரியா என்று பார்க்க, மிட்டின் வயரை மாற்றிப் போட்டு அளங்கள்: அந்த இடத்தில் ஆழமான பள்ளம் விழுந்தால் மாற்றுவதற்கு முன் இருந்ததே சரி.

காதால் பார்க்கத் தம்பூரா சுருதி ஒன்றை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஏதாவது ஒரு ஸ்வரம் மட்டும் முன்னே துருத்திக்கொண்டு வந்தால் அது மேட்டின் மிச்சம். நாதஸ்வரம் தகரக் குழாய் போல் கேட்டாலும் 1000க்கும் 1600க்கும் இடையில்தான் தேட வேண்டும். ஆண் குரல் மெலிந்து, நெஞ்சில்லாமல் கேட்டால் 250 முதல் 500 வரையிலான இழப்பை ஈடுகட்டவில்லை என்று பொருள்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்தால் பின்னொலி சுமார் 6 மில்லி விநாடி தாமதமாக வந்து, குரலோடு குழம்பாது. 50 செ.மீ.க்குள் சுவரை ஒட்டி, டிவி கேபினெட்டை மறைத்தபடி வைப்பதாக இருந்தால் இத்தனை மெனக்கெட்டு ஓபன் பேஃபிள் செய்யவே வேண்டாம். நல்ல பாக்ஸ் ஸ்பீக்கர் வாங்கிவிடலாம். பக்கச் சுவர் நெருக்கமாக இருப்பது பிரச்சினையில்லை, டைபோல் அந்தப் பக்கம் அதிகம் பேசாது. அறைக்குள் கொட்டும் மொத்த ஒலியும் சாதாரண ஸ்பீக்கரைவிட ஏறக்குறைய 5 டெசிபல் குறைவு. குறுகலான நாலறை வீட்டு வரவேற்பறைக்கு இது பெரிய வசதி.

கடைசியாக, முதுகைத் திறந்து வைத்த டிரைவருக்குள் தூசி மட்டும் போவதில்லை. வாய்ஸ் காயிலின் கதகதப்பைத் தேடி எறும்பு வரும், கூட்டுக்குள் பல்லி குடித்தனம் செய்யும். ஸ்பீக்கர் துணியை ஒற்றை மடிப்பாக, கூட்டைச் சுற்றிக் கொஞ்சம் தொய்வாக, எலாஸ்டிக் வைத்துக் கட்டிவிடுங்கள். கட்டிய பிறகு பின்பக்கத்தை இன்னொரு தடவை அளந்து, மேல் அதிர்வெண்களில் 1 டெசிபலுக்கு மேல் விழவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் துணி தடிமன், மெல்லியதாக மாற்றுங்கள்.